தவறான விடையை அழிக்காதீர்கள்: கோணக் கணக்கில் பிழை தேடும் வழி

கோணக் கணக்கில் விடை பிழைத்துவிட்டது என்று தெரிந்த உடனே பிள்ளைகளின் கை தேடுவது அழிரப்பரை. ரப்பர் தோட்டங்கள் நிறைந்த எங்கள் குலசேகரத்துப் பக்கம் (கன்னியாகுமரி மாவட்டம்) ரப்பருக்குப் பஞ்சமில்லைதான். ஆனாலும் அந்தத் தவறான விடையை அழிப்பது, களவு போன வீட்டில் காலடித் தடத்தைக் கழுவிவிடுவதைப் போன்றது. மறுபடியும் முதலிலிருந்து போடுவார்கள், மறுபடியும் அதே இடத்தில் வழுக்குவார்கள், ‘எனக்குக் கணக்கு வராது’ என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

ஏழாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு மாலையில் வீட்டு வராந்தாவில் டியூஷன் எடுக்கிறேன். கோணங்கள் பாடத்தில் ஆயிரம் விதமாகப் பிழை வரும் என்று தொடக்கத்தில் நினைத்திருந்தேன். நோட்டுகளைத் திருத்தித் திருத்திப் பார்த்ததில் ஐந்தாறு பிழைகள்தான் வேடம் மாற்றிக்கொண்டு வருகின்றன. ஒவ்வொன்றும் விடையில் தனக்கே உரிய தழும்பை விட்டுச் செல்கிறது.

ஆகவே முதல் வேலை இது. உங்கள் விடையையும் புத்தகத்தின் பின்பக்கத்தில் உள்ள விடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். பிறகு இரண்டையும் கூட்டுங்கள். வித்தியாசம் 90 வருகிறதா? கூட்டினால் 180 வருகிறதா, 90 வருகிறதா? ஒன்று மற்றதன் இருமடங்காக இருக்கிறதா? பொருந்துகிற பகுதிக்கு நேரே போங்கள். தேர்வறையில் சரியான விடை கையில் இருக்காது. அங்கே செய்ய வேண்டிய சோதனை சமன்பாட்டுப் பகுதியில் இருக்கிறது.

வித்தியாசம் சரியாக 90°

நிரப்புக் கோணத்தையும் மிகை நிரப்புக் கோணத்தையும் மாற்றிவிட்டீர்கள். இரண்டு கோணங்கள் சேர்ந்து 90° ஆனால் நிரப்புக் கோணங்கள், 180° ஆனால் மிகை நிரப்புக் கோணங்கள். 37°-இன் நிரப்புக் கோணம் 53°, மிகை நிரப்புக் கோணம் 143°. இரண்டுக்கும் இடையே எப்போதும் 90° தூரம். பெயரே உதவி செய்கிறது: மிகை என்றால் கூடுதல், கூடுதலாக இருப்பது 180. இதற்குமேல் மனப்பாடம் வேண்டாம்.

பெயர் குழம்பாத பிள்ளைகளும் படத்தில் விழுகிறார்கள். ஒரு நேர்கோடு, அதன் நடுவில் ஒரு புள்ளி, அந்தப் புள்ளியிலிருந்து செங்குத்தாக ஒரு கதிர். அதற்கும் நேர்கோட்டின் வலப்பக்கத்துக்கும் நடுவே சாய்வாக இன்னொரு கதிர். செங்குத்துக் கதிருக்கும் சாய்வுக் கதிருக்கும் இடையே 28° என்று கொடுத்து, சாய்வுக் கதிருக்கும் கோட்டின் வலப்பக்கத்துக்கும் இடையே எவ்வளவு என்று கேட்பார்கள். நேர்கோட்டைக் கண்டதும் 180 − 28 = 152 என்று எழுதிவிடுகிறார்கள். விடை 62°. அடியில் பொட்டுபோலப் போட்டிருக்கும் சின்னச் சதுரம்தான் செங்கோணக் குறி. அதைக் கண் தாண்டிப் போய்விட்டது. கணக்கைத் தொடும் முன் படத்தில் எத்தனை சின்னச் சதுரம் இருக்கிறது என்று எண்ணிவிடுங்கள்.

விடை எதிர்மறையாக வந்தாலும் இதே நோய்தான். 115°-இன் நிரப்புக் கோணம் −25° என்று எழுதியிருந்தால், ஒன்று வினாவில் ‘மிகை’ என்ற சொல்லை விட்டுப் படித்திருக்கிறீர்கள் (அப்படியானால் விடை 65°), இல்லையென்றால் வினா உங்களைச் சோதிக்கிறது. விரிகோணத்துக்கு நிரப்புக் கோணம் கிடையாது. ‘இல்லை’ என்பதும் விடைதான். அதை எழுதத்தான் பிள்ளைகளுக்குத் துணிச்சல் வருவதில்லை.

இரண்டையும் கூட்டினால் 180°

கேட்ட கோணத்துக்குப் பதிலாக அதன் அண்டை வீட்டுக் கோணத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் முக்கோணத்தின் வெளிக்கோணத்தில் இது நடக்கிறது. ஒரு முக்கோணத்தில் இரண்டு கோணங்கள் 48°, 67°. மூன்றாவது உச்சியில் பக்கத்தை நீட்டினால் வரும் வெளிக்கோணம் எவ்வளவு? பிள்ளை 180-இலிருந்து இரண்டையும் கழித்து 65 என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டு முடித்துவிடுகிறது. அது உட்கோணம். இன்னும் ஒரு படி போக வேண்டும்: 180 − 65 = 115. சுருக்கு வழியும் உண்டு; வெளிக்கோணம் அதன் இரண்டு உள்ளெதிர்க் கோணங்களின் கூடுதலுக்குச் சமம், 48 + 67 = 115.

அந்தச் சுருக்கு வழியிலும் ஒரு குழி இருக்கிறது. உள்ளெதிர்க் கோணங்கள் என்றால் வெளிக்கோணத்தைத் தொடாத இரண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் உட்கோணத்தையும் சேர்த்து மூன்றையும் கூட்டினால் 180 வரும். வெளிக்கோணம் 180° என்று எழுதியிருந்தால் நடந்தது இதுதான்.

ஆரல்வாய்மொழி வழியாகப் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். காற்றாலைக்கு மூன்று இறக்கைகள், அடுத்தடுத்த இரண்டுக்கும் இடையே 120°. ஓர் இறக்கை நேர் மேலே நிற்கும் நொடியில் மற்ற இரண்டும் கோபுரத்தோடு எவ்வளவு கோணம் செய்கின்றன? 120 என்று சொல்பவர்களே அதிகம். மேலே நிற்கும் இறக்கையும் கீழே போகும் கோபுரமும் ஒரே நேர்கோடு; ஆகவே 180 − 120 = 60.

கோணமானியால் அளக்கும்போதும் இதே தழும்பு. அதில் இரண்டு வரிசை எண்கள் எதிரெதிராக ஓடுகின்றன. 50-க்கு மேலேயோ கீழேயோ 130 எழுதியிருக்கும். கோணத்தின் ஒரு கதிர் எந்த வரிசையின் 0-இல் படுத்திருக்கிறதோ அந்த வரிசையில்தான் எண்ண வேண்டும். அதைவிட நல்ல பழக்கம், அளக்கும் முன் குறுங்கோணமா விரிகோணமா என்று கண்ணால் பார்த்து நோட்டின் ஓரத்தில் ஒரு சொல் எழுதிவிடுவது. ‘குறு’ என்று எழுதியவர் பக்கத்தில் 130 எழுதமாட்டார்.

இரண்டையும் கூட்டினால் 90°

எந்தக் கோட்டிலிருந்து அளப்பது என்பதில் தவறியிருக்கிறீர்கள். கேட்டது செங்குத்துக் கோட்டோடு, நீங்கள் கொடுத்தது கிடைக்கோட்டோடு. அல்லது நேர் மாறாக. சுவரில் சாய்ந்த ஏணி தரையோடு 62° என்றால் சுவரோடு 28°. வினாவில் ‘தரையோடு’, ‘சுவரோடு’ என்ற ஒற்றைச் சொல்லில்தான் கணக்கே இருக்கிறது.

ஒரு முறை இந்தப் பிழையில் நானும் மாட்டிக்கொண்டேன். ரப்பர் மரத்தில் பால் வடிக்கப் பட்டையில் போடும் வெட்டுக் கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சரியும். ஒட்டுக்கன்றில் வளர்ந்த மரமானால் அந்தச் சரிவு கிடைமட்டத்திலிருந்து 30°, விதையில் முளைத்த மரமானால் 25°. பிள்ளைகளுக்குப் பழக்கமான காட்சியாயிற்றே என்று ஒரு வினா தயாரித்தேன்: ‘30° சரிவில் வெட்டினால், வெட்டுக் கோடு மரத்தோடு செய்யும் கோணம் என்ன?’ பாதிப் பேர் 30 என்று எழுதினார்கள். எதிர்பார்த்ததுதான். 60 என்று எழுதியவர்களுக்குச் சரி போட்டேன். ஒரு மாணவி 120 என்று எழுதியிருந்தாள். பெருக்கல் குறி போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவள் நோட்டை வாங்கவில்லை. “சார், அப்பா மரத்தில் சாய்வுத் தகட்டை வைத்து வெட்டுக் கோடு போடும்போது நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். பால் பிடிக்கும் சிரட்டை இருக்கும் கீழ்ப்பக்கம் பார்த்தால் 60. மரத்தின் மேல்பக்கம் பார்த்தால் 120. எந்தப் பக்கம் என்று நீங்கள் கேட்கவில்லையே” என்றாள்.

“சரி மக்கா, பிழை என்னுடையது” என்று குறியை மாற்றினேன். வெட்டுக் கோட்டின் தாழ்ந்த முனை, மரத்தின் கீழ்நோக்கிய திசையோடு 60°, மேல்நோக்கிய திசையோடு 120°. ஒரு நேர்கோட்டின் மேல் இன்னொரு கோடு சாய்ந்தால் இரண்டு கோணங்கள் பிறக்கின்றன. வினா எழுதுகிறவர் எது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். அன்றிலிருந்து என் வினாக்களில் ‘குறுங்கோணம்’ என்ற சொல்லைச் சேர்த்துவிடுகிறேன்.

இந்த மூன்று பகுதிகளுக்கும் ஓர் எச்சரிக்கை. சரியான விடை 45° ஆனால் நிரப்புக் கோணமும் 45 என்பதால் இந்தக் கடைசிப் பிழை வெளியே தெரியாது. தப்பான வழியில் போய்ச் சரியான ஊர் சேர்ந்துவிடுவீர்கள். சரியான விடை 45, நீங்கள் எழுதியது 135 என்றால் வித்தியாசமும் 90, கூட்டுத்தொகையும் 180. அப்போது முதல் இரண்டு பகுதிகளையும் பார்க்க வேண்டியதுதான்.

விடை சரியாக இருமடங்கு, அல்லது ‘எப்படியும் சேரவில்லை’: இருசமபக்க முக்கோணம்

இருமடங்கு என்றால் இரண்டால் வகுக்க மறந்திருக்கிறீர்கள். உச்சிக்கோணம் 40° என்றால் மீதி 140°-ஐ அடியில் உள்ள இரண்டும் பங்கிட்டுக்கொள்கின்றன, ஆளுக்கு 70°.

70 வர வேண்டிய இடத்தில் 40-ஓ 100-ஓ எழுதியிருந்தால் கோளாறு வேறு: சமமான கோணங்கள் எவை என்பதையே மாற்றிவிட்டீர்கள். சமபக்கங்களுக்கு எதிரே இருப்பவைதான் சமகோணங்கள். ‘எதிரே’ என்ற சொல்லைப் படிக்கும்போது தலையாட்டுகிறார்கள், படத்தைப் பார்த்ததும் கொடுக்கப்பட்ட கோணத்துக்கு எது பக்கத்தில் இருக்கிறதோ அதைச் சமமாக்கிவிடுகிறார்கள். சமம் என்று சின்னக் கோடு போட்டுக் காட்டிய பக்கத்தின் மேல் விரலை வைத்து, முக்கோணத்துக்கு உள்ளே விரலை நகர்த்தி எதிர் உச்சிக்குக் கொண்டுபோகச் சொல்கிறேன். இரண்டு சமபக்கத்துக்கும் இப்படிச் செய்தால் விரல் நின்ற இரண்டு மூலைகளும் சமம்.

நம் பக்கத்து ஓட்டு வீடுகளின் பக்கச்சுவர் முகப்பைப் பார்த்தவர்களுக்கு இது சுலபம். இரண்டு பக்கமும் ஒரே நீளத்தில் கழுக்கோல் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்) சரிந்து இறங்குகிறது. அடியில் இரண்டு மூலையும் ஒரே சாய்வு, முகட்டில் இருக்கும் கோணம்தான் தனி. முகட்டில் 120° என்றால் அடியில் 30°, 30°. அடியில் 40° கொடுத்திருந்தால் முகட்டில் 100°. முகடும் அடியும் ஒரே கோணமாக இருக்க வேண்டுமானால் அது சமபக்க முக்கோணம், 60° சரிவு. அந்தக் கூரையில் ஓடு மாற்ற யாரும் ஏறமாட்டார்கள்.

வித்தியாசத்தில் ஒரு முறையும் இல்லை: சமன்பாடு

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மதிப்பெண் அதிகம் போவதும் இங்கேதான்.

(3க + 8)° என்றும் (2க − 13)° என்றும் இரண்டு கோணங்கள் மிகை நிரப்புக் கோணங்கள். சிறிய கோணம் எது? கூட்டினால் 5க − 5 = 180, ஆகவே 5க = 185, க = 37. பலர் இங்கேயே கட்டம் கட்டி 37° என்று முடிக்கிறார்கள். க என்பது கோணம் அல்ல, கோணத்துக்குப் போகும் படி. 3 × 37 + 8 = 119, 2 × 37 − 13 = 61. கேட்டது 61°. விகிதக் கணக்கிலும் இதே கதை: முக்கோணத்தின் கோணங்கள் 2 : 3 : 4 என்றால் ஒரு பங்கு 20, கோணங்கள் 40°, 60°, 80°. ‘20°’ என்று எழுதியவர் பங்கை எழுதிவிட்டுக் கோணத்தை மறந்தவர்.

படியை முடித்த பிறகும் விடை சேரவில்லையா? கண்டுபிடித்த கோணங்களைத் திரும்பக் கூட்டிப் பாருங்கள். தேர்வறைச் சோதனை என்று சொன்னது இதுதான். 180 வந்தால் சமன்பாட்டைத் தீர்த்தது சரி. வரவில்லை என்றால் எவ்வளவு கூடுகிறது அல்லது குறைகிறது என்று பார்த்து அதைப் பாதியாக்குங்கள். குறி மாறிப்போன எண் பெரும்பாலும் அந்தப் பாதிதான்.

செய்து காட்டுகிறேன். ஒருவன் −5-ஐ மறுபக்கம் கொண்டுபோகும்போது குறியை மாற்ற மறந்து 5க = 175 என்று எழுதினான். க = 35, கோணங்கள் 113, 57. கூட்டினால் 170, 10 குறைகிறது. பாதி 5. திருடன் 5-தான். இன்னொருத்தி 8-ஐயும் −13-ஐயும் சேர்த்து −21 ஆக்கிவிட்டாள். 5க = 201, க = 40.2, கோணங்கள் 128.6, 67.4. கூட்டினால் 196, 16 கூடுகிறது. பாதி 8. அவள் +8-ஐ −8 என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். கூட்ட வேண்டிய எண்ணைக் கழித்தால் (அல்லது கழிக்க வேண்டியதைக் கூட்டினால்) கணக்கு அந்த எண்ணைப் போல இரண்டு மடங்கு தள்ளிப்போகும், அவ்வளவுதான் இதன் சூட்சுமம். முதன்முறை இதைக் காட்டியபோது பிள்ளைகள் ஏதோ மந்திரம் என்று நினைத்தார்கள். பிறகு ஒருவருக்கொருவர் வேண்டுமென்றே பிழை செய்து கொடுத்து ‘கண்டுபிடி பார்ப்போம்’ என்று விளையாடத் தொடங்கினார்கள். அன்று பாடம் நடக்கவில்லை என்றும் சொல்லலாம், அன்றுதான் நடந்தது என்றும் சொல்லலாம்.

40.2 போலப் புள்ளி வைத்த எண் வந்தாலே பிழை என்று பயப்பட வேண்டாம். பள்ளிக் கணக்கில் அது சந்தேகத்துக்குரியது, குற்றம் அல்ல. முதலில் வினாவைச் சரியாகப் பார்த்து எழுதினோமா என்று பாருங்கள்; 3-ஐ 8 ஆகப் பார்த்து எழுதுவது நான் கண்ட வரையில் இயற்கணிதப் பிழைகளைவிட அதிகம்.

கூட்டுத்தொகை 180 சரியாக வந்தும் விடை தவறா? அப்படியானால் தீர்த்தது சரி, எழுதிய சமன்பாடே தவறு. 180 போட வேண்டிய இடமா, 90 போட வேண்டிய இடமா, அல்லது இரண்டு கோணமும் சமமா? இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் எதிரெதிரே இருப்பவை குத்தெதிர்க் கோணங்கள். அவை சமம், அவற்றைக் கூட்டி 180 ஆக்கக் கூடாது.

ஐந்து பத்துப் பாகைதான் தவறுகிறது

கண்ணை நம்பிவிட்டீர்கள். வினாத்தாளில் உள்ள படம் அளவுப்படி வரைந்தது அல்ல. 80° கோணம் செங்கோணம்போல் தெரியும். கொஞ்சம் ஒடிந்த கோடு நேர்கோடுபோல் தெரியும். எழுதிக் கொடுத்ததை மட்டும் நம்ப வேண்டும். ‘நேர்கோடு’ என்று சொல்லாமல், சின்னச் சதுரமும் இல்லாமல் இருந்தால் 180-ஐயோ 90-ஐயோ தொடாதீர்கள். கோணமானியை வைத்து அளந்து விடை எழுதுவதும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

40 கலை தவறுகிறது

பாகைக்குக் கீழே கலை வரும் கணக்குகளுக்கு மட்டும். ஒரு பாகைக்கு 60 கலை; நூறு அல்ல. ரூபாய்க்கு நூறு பைசா என்று பழகிய மனம் இங்கேயும் நூறைக் கடன் வாங்கிவிடுகிறது.

சமூக அறிவியல் புத்தகத்தில் எல்லாரும் படித்த வரி: இந்தியப் பெருநிலப்பரப்பின் தென்முனை 8° 4′ வட அட்சம். அந்த முனை நம் கன்னியாகுமரிதான். பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கும். அன்று உச்சிவேளையில் நமக்கு அது தலைக்கு நேர் மேலிருந்து 8° 4′ தெற்கே விலகி நிற்கும். தென் தொடுவானத்திலிருந்து எவ்வளவு உயரம்? நிரப்புக் கோணம்தான். 90°-ஐ 89° 60′ என்று எழுதிக் கழித்தால் 81° 56′.

81° 96′ என்று எழுதியவர் நூறு கடன் வாங்கியவர். சரியான விடைக்கு மேல் 40 கலை. 82° 4′ என்று எழுதியவர் பாகையை மட்டும் கழித்து, கலையை அப்படியே ஒட்ட வைத்தவர். திரும்பக் கூட்டினால் 90° 8′. எட்டில் பாதி நான்கு, மேலே பார்த்த அதே இரட்டிப்புத் தழும்பு.

இந்த விடையைக் கடற்கரையில் சரிபார்க்கலாம். மார்ச் 20-ஐ ஒட்டி, ஒரு மீட்டர் கம்பைச் செங்குத்தாக நட்டுப் பாருங்கள். கம்பு, நிழல், வெயில் கதிர் மூன்றும் சேர்ந்தால் செங்கோண முக்கோணம். தரையில் 81° 56′, கம்பின் நுனியில் 8° 4′. கடிகாரம் 12 காட்டும்போது பார்க்காதீர்கள். இந்திய நேரம் 82½° கிழக்குத் தீர்க்கத்தை வைத்துக் கணக்கிட்டது, நாம் அதற்கு ஏறத்தாழ ஐந்து பாகை மேற்கே இருக்கிறோம். ஆகவே நம் உச்சிவேளை அந்த நாட்களில் பன்னிரண்டரைக்குச் சற்று முன்னால் வரும். அப்போது நிழல் வடக்கு நோக்கி, ஒரு சாண் நீளம்கூட இல்லாமல், 14 சென்டிமீட்டர் அளவில் விழும்.